நம் வீட்டுக் கூடம் நீதிமன்றமா?

“அவன்தான் கொன்றானா, இல்லையா?”

இன்று பல இல்லங்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எழும் கேள்வி இது. கொல்லப்பட்டவர் நமக்கு உறவினரும் அல்லர், ஊராரும் அல்லர். குற்றம் சாட்டப்பட்டவரையும் நாம் கண்டதில்லை. எங்கோ கடல் கடந்த நாட்டில், என்றோ நடந்த கொலை. ஆனால் அதைப் பற்றிய படத்தை மூன்று நான்கு இரவுகள் தொடர்ந்து பார்த்துவிட்டு, வாப்பா ஒரு கட்சி, பிள்ளைகள் ஒரு கட்சி என்று பிரிந்து வாதாடுகிறோம். “முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே” என்கிறார் ஒருவர். “பாவம், அநியாயமாக மாட்டிக்கொண்டது பிள்ளை” என்கிறார் உம்மா. கடைசியில் யாரேனும் ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். அதன் பின் விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போகிறோம்.

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். நாம் பேசியதால் அந்தக் கைதியின் தண்டனை ஒரு நாள் கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை. பொழுது போயிற்று, அவ்வளவுதானே?

இந்த ‘அவ்வளவுதானே’ என்ற சொல்லைத்தான் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு மனிதர் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ முடிவு கட்டும் உரிமை யாருக்கு உண்டு? அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்படாதவர், வெறும் பேச்சுக்காக முடிவு கட்டினால், அது பேச்சோடு போய்விடுமா? சகோதர சகோதரிகள் சிந்திக்க வேண்டும்.

ஒரு வழக்கின் வரலாறு

பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் அதிகமாகப் பேசப்பட்ட வழக்கு. நம்மவர்கள் மிகுந்த ஆவலோடு பேசிய வழக்கும்கூட.

1999-ஆம் ஆண்டு ஜனவரி 13. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் நகருக்கு அருகே, உட்லான் உயர்நிலைப் பள்ளியில் இறுதி வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஹே மின் லீ என்ற 18 வயது மாணவி பள்ளியிலிருந்து வீடு திரும்பவில்லை. கொரியாவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண் அவர். பிப்ரவரி 9-ஆம் தேதி, லீக்கின் பூங்கா என்ற காட்டுப் பகுதியில் அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். அம்மாதம் 28-ஆம் தேதி, முன்பு அவரோடு நெருங்கிப் பழகியிருந்த அத்னான் சையித் என்ற மாணவர் கைது செய்யப்பட்டார். கொலை நடந்தபோது அவருக்கு வயது 17. பெற்றோர் பாகிஸ்தானிலிருந்து குடியேறியவர்கள்; பள்ளிவாசலோடு தொடர்புள்ள குடும்பம்.

உடலைப் புதைக்கத் தாம் உதவியதாக ஓர் இளைஞர் சொன்ன சாட்சியம் அரசுத் தரப்பின் ஒரு தூண். கைத்தொலைபேசி அழைப்புகள் எந்தக் கோபுரத்தின் வழியாகச் சென்றன என்ற பதிவு மற்றொரு தூண். முதல் விசாரணை 1999 டிசம்பரில் பாதியில் ரத்தாயிற்று. இரண்டாவது விசாரணையின் முடிவில், 2000 பிப்ரவரியில், ஜூரிகள் அத்னானைக் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனையும், அதன் மேல் 30 ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. தாம் கொல்லவில்லை என்று அவர் தொடர்ந்து சொல்லி வந்தார்.

2014 அக்டோபரில், சாரா கோனிக் என்ற பெண் பத்திரிகையாளர் ‘சீரியல்’ என்ற பெயரில் இவ்வழக்கைப் பற்றி 12 பகுதிகள் கொண்ட ஒலித்தொடர் ஒன்றை வெளியிட்டார். கோடிக்கணக்கான முறை அது கேட்கப்பட்டது. 2019-இல் எச்.பி.ஓ. நிறுவனம் நான்கு பகுதிப் படமாகவும் இவ்வழக்கைக் காட்டியது. அது முதல் அத்னான் கொன்றாரா இல்லையா என்பது உலக மக்களின் உரையாடலாகிவிட்டது.

நீதிபதிகளே பிரிந்து நின்ற இடம்

இனி நீதிமன்றங்களில் நடந்ததைக் கவனியுங்கள்.

2016-இல் ஒரு நீதிபதி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். 2018-இல் மேல்முறையீட்டு மன்றம் அதை ஏற்றது. 2019 மார்ச்சில் மாநிலத்தின் மிக உயர்ந்த மன்றம் அதை மாற்றியது. அன்றைய பிற்பகலில் அத்னானை நூலகத்தில் பார்த்ததாகச் சொன்ன ஒரு மாணவியை அவருடைய வழக்கறிஞர் விசாரிக்காமல் விட்டது குறைதான். ஆனாலும் அதனால் முடிவு மாறியிருக்காது என்று 4 நீதிபதிகள் கருதினார்கள். 3 பேர் உடன்படவில்லை.

2022 செப்டம்பரில் அரசு வழக்கறிஞர் அலுவலகமே தீர்ப்பை ரத்து செய்யும்படி கேட்டது. நீதிபதி ரத்து செய்தார். 23 ஆண்டுகளுக்குப் பிறகு அத்னான் வெளியே வந்தார். அடுத்த மாதம், கொல்லப்பட்ட பெண்ணின் காலணிகளில் செய்த மரபணுச் சோதனையைக் காட்டி, குற்றச்சாட்டையும் கைவிட்டார்கள். ஆனால் அந்த விசாரணைக்கு நேரில் வருவதற்குத் தக்க அவகாசம் தமக்குத் தரப்படவில்லை என்று பெண்ணின் தம்பி முறையிட்டார். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு மன்றம் 2-க்கு 1 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்று, பழைய தீர்ப்புக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. இவ்விரண்டும் நடைமுறை பற்றிய தீர்ப்புகள். கொன்றாரா என்பதை அவை தொடவில்லை. 2025 பிப்ரவரியில், புதிதாக வந்திருந்த அரசு வழக்கறிஞர் முந்தைய மனுவைத் திரும்பப் பெற்றார். அம்மனுவில் உண்மையல்லாததும் திசைதிருப்பக்கூடியதுமான வாசகங்கள் இருப்பதாக அவர் கூறினார். 2025 மார்ச்சில் ஒரு நீதிபதி, இளம் வயதில் தண்டிக்கப்பட்டவர்களுக்கான சட்டத்தின்படி, அனுபவித்த சிறைவாசமே போதும் என்று தண்டனையைக் குறைத்து, 5 ஆண்டு கண்காணிப்பில் அத்னானை வெளியிலேயே இருக்க விட்டார். குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது.

ஆக, சட்டம் படித்தவர்கள், ஆவணங்களைப் புரட்டியவர்கள், தவறினால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள், நாலுக்கு மூன்று, இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்து நின்ற வழக்கு இது. நம் வீட்டுக் கூடத்தில் மட்டும் ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் இது முடிந்துவிடுகிறது!

‘நம்ம பையன்’ என்ற வாதம்

நம்மில் பலர் இவ்வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்தே உட்காருகிறோம். காரணம் வெளிப்படை. அவருடைய பெயர் அத்னான்.

இந்தச் சாய்வுக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1999-இல் அவருக்கு ஜாமீன் கேட்கப்பட்டபோது அரசுத் தரப்பு வழக்கறிஞர், காதலில் ஏமாந்த பாகிஸ்தானிய ஆண்கள் கொலை செய்துவிட்டு நாட்டை விட்டு ஓடுவது வழக்கம் என்ற கருத்துப்பட வாதாடினார். அப்படி ஒரு வழக்கத்துக்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்த பின் அவரே நீதிபதிக்கு எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. ஒருவருடைய பிறப்பையும் மார்க்கத்தையும் சாட்சியாக்குவது அநீதி. அந்த அநீதியைக் கேட்டு மனம் கொதிப்பது இயற்கை.

ஆனால் பிறப்பையும் மார்க்கத்தையும் காட்டிக் குற்றவாளி என்பது அநீதியென்றால், அதே பிறப்பையும் மார்க்கத்தையும் காட்டி நிரபராதி என்பது எப்படி நீதியாகும்? தராசு ஒன்றுதானே!

இது குறித்துத் திருக்குர்ஆன் நமக்கு மறக்கவொண்ணாத பாடம் ஒன்றைத் தந்திருக்கிறது. தஃப்ஸீர் நூல்களில் சொல்லப்படும் நிகழ்ச்சி இது. மதீனாவில் துஃமா இப்னு உபைரிக் என்பவன் தன் அண்டை வீட்டுக்காரரின் கவசத்தைத் திருடினான். கவசம் மாவுப் பைக்குள் இருந்தது. பையிலிருந்த ஓட்டை வழியே மாவு சிந்திக்கொண்டே போயிற்று. அதை அவன் ஒரு யூதரிடம் கொடுத்து வைத்துவிட்டான். தேடி வந்தவர்களிடம் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தான். அவர்கள் மாவு சிந்திய தடத்தைப் பின்பற்றிப் போனார்கள். தடம் யூதரின் வீட்டில் போய் முடிந்தது. பொருளும் அங்கேயே அகப்பட்டது. இனி என்ன சாட்சி வேண்டும்? துஃமாவின் குலத்தார் திரண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தங்கள் ஆளுக்காகப் பரிந்து பேசும்படி வேண்டினார்கள்.

அப்போதுதான் அந்நிஸா அத்தியாயத்தின் 105-ஆம் வசனம் முதலானவை அருளப்பட்டன. மோசடிக்காரர்களுக்காக வாதாடுபவராக ஆகிவிட வேண்டாம் என்று அல்லாஹுத் தஆலா தன் தூதருக்கே அறிவுறுத்தினான். தான் செய்த பாவத்தை ஒரு நிரபராதியின் தலையில் சுமத்துபவன் அவதூறையும் வெளிப்படையான பாவத்தையும் சுமந்துகொள்கிறான் என்று 112-ஆம் வசனம் எச்சரித்தது. ‘நம் ஆள்’ என்று திரண்டு வந்தவர்கள் தலைகுனிந்தார்கள். வேற்று மார்க்கத்தைச் சேர்ந்த அந்த மனிதர் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. குலப்பற்று சாட்சியாகாது என்பது ஒன்று. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தடயமும் பொய் சொல்லலாம் என்பது மற்றொன்று. மாவுத் தடம் உண்மையானதுதான். பொருள் கிடைத்ததும் உண்மைதான். ஆனால் அவற்றை வைத்து மனிதர்கள் செய்துகொண்ட முடிவு பொய்யானது. படம் பார்த்து முடிவு செய்பவர் கையில் இருப்பதெல்லாம் யாரோ காட்டிய மாவுத் தடம்தானே!

நிரபராதி என்பதும் ஒரு குற்றச்சாட்டே

“நான் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லையே, நிரபராதி என்றுதானே சொல்கிறேன், நல்லெண்ணம் வைப்பது நன்மைதானே” என்று சிலர் கேட்கலாம். நல்லெண்ணம் நன்மைதான். ஆனால் நிலைமை அவ்வளவு எளிதாக இல்லை.

ஒரு கொலை நடந்திருக்கிறது. யாரோ ஒருவர் செய்திருக்கிறார். அத்னான் செய்யவில்லை என்று அடித்துச் சொல்பவர், அத்தோடு நிற்பதில்லை. “அப்படியானால் சாட்சி சொன்னானே, அவன்தான் செய்திருப்பான்” என்கிறார். அல்லது படத்தில் ஓரிடத்தில் தலைகாட்டும் வேறொருவரை நோக்கி விரலை நீட்டுகிறார். ஒருவரைக் காப்பாற்றுவதாக எண்ணி, விசாரணையே இல்லாமல் மற்றொருவரைத் தூக்கில் ஏற்றுகிறார். ‘சீரியல்’ வெளியான பின், சாட்சி சொன்ன அந்த இளைஞரின் வீட்டைத் தேடி அந்நியர்கள் வந்தார்கள் என்று அவரே பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். அவர் சொன்ன சாட்சியம் மெய்யோ பொய்யோ, அவருக்கும் மனைவி மக்கள் உண்டல்லவா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது மதீனாவில் அவதூறு பரவியபோது அதை உண்டாக்கியவர்கள் சிலரே. ஆனால் கேட்டதை அடுத்தவரிடம் சொன்னவர்கள் அவர்களைவிட அதிகம். அவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள். அந்நூர் அத்தியாயத்தின் 15-ஆம் வசனம் அவர்களைக் கண்டிக்கும் விதத்தைப் பாருங்கள். தங்களுக்குத் தெரியாத ஒன்றை நாவினால் ஏற்று வாயினால் பேசினார்கள். அதை இலேசானதாக எண்ணினார்கள். அல்லாஹ்விடமோ அது மிகப் பெரியது என்பது அதன் கருத்து. நாம் மேலே கண்ட ‘அவ்வளவுதானே’ என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

காழியின் ஒழுங்கும் படத்தின் ஒழுங்கும்

மதரஸாக்களில் ஓதப்படும் ஃபிக்ஹு நூல்களில் காழியின் ஒழுங்குகளுக்கென்று தனிப் பாடமே உண்டு. அதில் வரும் இரண்டு விதிகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

கோபத்தில் இருக்கும் நிலையில் ஒருவர் இருவருக்கிடையே தீர்ப்பளிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஃபுகஹாக்கள் இதை விரித்து, கடும் பசி, தூக்கக் கலக்கம், தாங்கொணாத் துக்கம் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். உள்ளம் நிலைகுலைந்திருக்கும்போது நீதி தவறும் என்பதே காரணம்.

படமோ இதற்கு நேர் எதிரான வழியில் நடக்கிறது. சோக இசை ஒலிக்கிறது. அழும் தாயின் முகம் அருகில் காட்டப்படுகிறது. ஒரு பகுதி முடியும்போது அதிர்ச்சியான ஒரு செய்தியைச் சொல்லி நிறுத்துகிறார்கள், அடுத்த பகுதியை நாம் உடனே பார்க்க வேண்டும் என்பதற்காக. எந்த நிலையில் தீர்ப்பளிக்கக் கூடாது என்று ஷரீஅத் தடுத்ததோ, அந்த நிலைக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ‘இப்போது சொல், குற்றவாளியா இல்லையா?’ என்று கேட்கிறது படம்.

மற்றொரு விதி: அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்குக் காழியாக அனுப்பியபோது, வழக்காடும் இருவரும் முன்னால் அமர்ந்தால் முதலாமவர் சொல்வதைக் கேட்டது போலவே இரண்டாமவர் சொல்வதையும் கேட்கும் வரை தீர்ப்பளிக்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். படத்தில் இரு தரப்பும் பேசுகிறார்களே என்று சொல்லலாம். எத்தனை நிமிடம் பேசினார்கள்? எது வெட்டப்பட்டது? யார் பேச மறுத்தார்கள்? இவ்வழக்கின் விசாரணை வாரக் கணக்கில் நடந்தது. நான்கு பகுதிப் படம் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நீக்கப்பட்டது என்ன என்பது படத்தை வெட்டி ஒட்டியவருக்குத்தான் தெரியும்.

தாமும் ஒரு மனிதர்தாம் என்றும், வாதத்தில் ஒருவர் மற்றவரைவிடத் திறமையாகப் பேசிவிடலாம் என்றும், கேட்டதை வைத்தே தாம் தீர்ப்பளிப்பதாகவும், அவ்வாறு பிறர் உரிமை ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தால் அவர் எடுத்துக்கொள்வது நெருப்புத் துண்டே என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வஹீ இறங்கிய சபையிலேயே பேச்சுத் திறமை குறித்து இவ்வளவு அச்சம் என்றால், திறமையாகக் காட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் முன்னால் நாம் எவ்வளவு அஞ்ச வேண்டும்!

அப்படியானால் அநியாயத்தை யார் கேட்பது?

இங்கே ஒரு கனமான ஆட்சேபணை எழும். அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. நீதிமன்றங்கள் தவறுகின்றன. நிரபராதிகள் தண்டிக்கப்படுகிறார்கள். எல்லோரும் ‘எனக்கென்ன’ என்று இருந்துவிட்டால் அவர்களை யார் மீட்பது?

உண்மைதான். 1976 நவம்பரில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். ராண்டல் டேல் ஆடம்ஸ் என்பவருக்கு 1977-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1979 மே மாதம், தண்டனை நிறைவேற மூன்றே நாட்கள் இருந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் அதை நிறுத்தி வைத்தார். பின்னர் அது ஆயுள் தண்டனையாயிற்று. எரல் மோரிஸ் என்ற படத் தயாரிப்பாளர் வேறொரு விஷயத்தைப் படமெடுக்கத்தான் அங்கே போனார். மரண தண்டனை வழக்குகளில் அரசுக்காகச் சாட்சி சொல்லிவந்த மனநல மருத்துவர் ஒருவரைப் பற்றிய படம் அது. போன இடத்தில் ஆடம்ஸைச் சந்தித்தார். சந்தேகம் பிறந்தது. முன்பு துப்பறிவாளராகவும் வேலை பார்த்த அவர் ஆவணங்களைத் தேடினார். சாட்சிகளை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ப் பேச வைத்தார். ஆடம்ஸைக் காட்டிக்கொடுத்த இளைஞனே, ஆடம்ஸ் குற்றமற்றவர் என்ற பொருள்படப் பேசியதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1988-இல் ‘மெல்லிய நீலக் கோடு’ என்ற பொருளுடைய பெயரில் படம் வெளிவந்தது. 1989 மார்ச்சில் தீர்ப்பு ரத்தாகி, 12 ஆண்டுகளுக்குப் பின் ஆடம்ஸ் விடுதலையானார்.

ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போன்றவர் என்ற குர்ஆனியக் கருத்தை (5:32) எண்ணிப் பார்க்கும்போது, இத்தகைய முயற்சியை இழித்துப் பேச நமக்கு வாய் வராது. ஆகவே குற்றப் படம் எடுப்பதெல்லாம் தீமை, பார்ப்பதெல்லாம் பாவம் என்று இங்கே வாதிக்கவில்லை.

ஆனால் ஆடம்ஸை மீட்டது எது? ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் உழைத்ததும், சாட்சிகளின் வாசற்படி ஏறியதும், கண்டதை நீதிமன்றம் சோதித்துப் பார்க்கும் வடிவில் கொண்டுவந்ததும்தான். அது சாட்சியம் தேடும் பணி. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடி “நான் அப்போதே நினைத்தேன்” என்று சொல்வது பணியன்று. நோயாளிக்கு மருந்து தேடி அலைபவரும், அவர் கட்டிலருகே உட்கார்ந்து வம்பு பேசுபவரும் ஒன்றாக மாட்டார்கள்.

விடுதலையான பின் ஆடம்ஸ் தம் சொந்த வாழ்க்கைக் கதையின் உரிமையை அந்தப் படத் தயாரிப்பாளரிடமிருந்து திரும்பப் பெற வழக்குப் போட வேண்டியிருந்தது. அது சமரசமாக முடிந்தது. நன்மை செய்த படத்திலேயே இவ்வளவு சிக்கல் இருக்கிறது. ஒரு மனிதரின் துயரம் ஒருமுறை கதையாகிவிட்டால், அது அவருக்கே சொந்தமில்லாமல் போய்விடக்கூடும்.

‘சீரியல்’ தொடரின் இறுதியையும் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் இவ்வழக்கிலேயே மூழ்கியிருந்த சாரா கோனிக் கடைசிப் பகுதியில் என்ன சொன்னார்? ஜூரியாக அமர்ந்திருந்தால் அத்னானை விடுவித்தே ஆக வேண்டும்; ஆனால் ஒரு மனுஷி என்ற முறையில் தம் உள்ளத்தில் ஐயம் தங்கியிருக்கிறது என்ற கருத்தைத்தான் சொன்னார். உழைத்தவர் ஐயத்தோடு நிற்கிறார். கேட்டவர்களில் பலருக்கோ ஐயமே இல்லை!

மறக்கப்படும் வீடு

இத்தனை பேச்சிலும் ஒரு வீடு மறக்கப்படுகிறது. ‘அத்னான் வழக்கு’ என்கிறோம்; ஹே மின் லீ என்ற பெயரை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? 2022-இல் நீதிமன்றத்தில் அவருடைய தம்பி தொலைவிலிருந்தபடி பேசினார். இது தமக்கு ஒலித்தொடர் அன்று, வாழ்க்கை என்ற கருத்துப்பட அவர் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு, ஒவ்வொரு புதுப் படமும் ஆறத் தொடங்கிய புண்ணைக் கீறிவிடுவதாகும். அப்புண்ணின் மேல்தான் நம் பொழுதுபோக்கு நடக்கிறது. அத்னான் நிரபராதியாகவே இருந்தாலும், அந்தத் தாயின் துக்கம் பொய்யாகிவிடாது. அவர் குற்றவாளியாகவே இருந்தாலும், அவருடைய உம்மாவின் கண்ணீரும் பொய்யாகிவிடாது. இரண்டு தாய்மாருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நாம் பந்தயம் கட்டலாமா?

சிறையில் இருந்த நபி

அநியாயமாகச் சிறை சென்றவர்களைப் பற்றிப் பேசும்போது யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வராமல் போகாது. அந்த அத்தியாயத்தில் தடயங்கள் இருக்கின்றன. பொய் இரத்தம் தோய்ந்த சட்டை ஒன்று. பின்புறம் கிழிந்த சட்டை மற்றொன்று. முதல் சட்டையை யஃகூப் (அலை) அவர்கள் நம்பவில்லை. ஆயினும் ஓநாய் தின்னவில்லையென்றால் வேறு என்ன நடந்தது என்று அவர்கள் தீர்ப்பு வழங்கவும் இல்லை. அழகிய பொறுமையைக் கைக்கொண்டு அல்லாஹ்விடம் உதவி தேடினார்கள். பட்டணத்துப் பெண்களோ கேள்விப்பட்டதும் கூடிப் பேசினார்கள்.

அரசன் அழைத்தபோது யூசுஃப் (அலை) அவர்கள் உடனே வெளியே ஓடி வரவில்லை. கைகளை வெட்டிக்கொண்ட பெண்களின் செய்தி என்ன என்று விசாரிக்கும்படி தூதரைத் திருப்பி அனுப்பினார்கள் (12:50). விடுதலையைவிட முறையான விசாரணையே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. நிரபராதிக்கு வேண்டியது நம் அனுதாபக் கூச்சலன்று. கேட்க வேண்டியவர் கேட்டு, சொல்ல வேண்டியவர் சொல்லி, உண்மை அதற்குரிய இடத்தில் நிலைபெறுவதே.

‘லா அத்ரீ’ என்னும் பயிற்சி

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தொலைதூரத்திலிருந்து ஒருவர் பல மஸ்அலாக்களோடு வந்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ‘லா அத்ரீ’, அதாவது எனக்குத் தெரியாது, என்றே அவர்கள் பதில் சொன்னதாக வரலாறு. மார்க்கத்தைத் துறைபோகக் கற்ற இமாமுக்கு அது இழிவாகவில்லை. கூடத்தில் அமர்ந்து படம் பார்க்கும் நமக்கு மட்டும் ஏன் அது வாயில் வரமாட்டேன் என்கிறது?

இல்லங்களில் இதைப் பழக்கலாம். பிள்ளைகள் ஒரு குற்றப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்டால், “கோர்ட்டு இப்படிச் சொல்லியிருக்கிறது, இன்னின்ன கேள்விகளுக்கு விடை தெரியவில்லை, நமக்குத் தெரியாது வாப்பா” என்று சொல்லிப் பழகலாம். ஒரு சாட்சி எப்படித் தவறக்கூடும், தடயம் எப்படிப் பொய் சொல்லக்கூடும் என்று அவர்களோடு பேசலாம், அது கல்வி. ‘அவன்தான்’ என்று பெயர் சொல்லி முடிப்பது கல்வியன்று. கொல்லப்பட்டவரின் பெயரை மறக்காதிருக்கச் சொல்லலாம். சிறையில் வாடும் நிரபராதிகளுக்காக, அவர்கள் யாராயினும், கையேந்தச் சொல்லலாம்.

இதில் நம் சொந்த நலனும் அடங்கியிருக்கிறது. தூரதேசத்து வழக்கில் பழகிய நாக்கு தூரதேசத்தோடு நிற்பதில்லை. நாளை நம் தெருவில் ஒரு வீட்டு வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றால், அதே நாக்குத்தான் அங்கேயும் தீர்ப்புச் சொல்லும். காரணம் இன்னதென்று தெரிவதற்கு முன்பே அந்தப் பிள்ளை குற்றவாளியாகிவிடுவான். அவனுடைய லாத்தாவுக்குப் பேசி வைத்திருந்த நிக்காஹ் நின்றுபோகும். அவனுடைய வாப்பா ஜுமுஆவுக்கு வந்தால் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள். ஆறு மாதம் கழித்து, தவறாகப் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்தால், நின்றுபோன நிக்காஹை யார் நடத்தி வைப்பது? படத்தின் முன்னால் அமர்ந்து நாம் பழகிக்கொண்டது இந்த அவசரத்தைத்தான்.

சந்தேகங்களில் பலவற்றை விட்டு விலகுங்கள், துருவித் துருவி ஆராயாதீர்கள், ஒருவரையொருவர் புறம் பேசாதீர்கள் என்ற மூன்று தடைகளையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் இதே வரிசையில் அடுக்கி வைத்திருப்பதைக் கவனியுங்கள். முதலில் சந்தேகம், பிறகு துருவல், பிறகு புறம். ஒன்று மற்றொன்றுக்குப் படிக்கட்டு. முதற்படியிலேயே காலை எடுத்துவிடுபவர் தப்பித்தார்.

பால்டிமோரில் அந்த ஜனவரி மாதம் நடந்தது என்ன என்பதை ஒளிவுமறைவின்றி அறிந்தவன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய தீர்ப்பில் நாலுக்கு மூன்று என்ற கணக்கு இல்லை, மேல்முறையீடும் இல்லை. அந்த நாளில் அத்னானைப் பற்றி நம்மிடம் கேள்வி வராது. நாம் அறியாமல் பேசியவற்றைப் பற்றித்தான் கேள்வி வரும். அறியாததை அறியோம் என்று சொல்லும் துணிவையும், அறிந்ததை உரிய இடத்தில் அஞ்சாமல் சொல்லும் நேர்மையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.